கருவி வாங்கினர், கேள்வியை இழந்தனர்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர்ப் பகுதிகளில் செல்வம் படைத்தார் சிலர் தம் வீடுகளில் இக்காலத்தே ஓர் அறையைத் தனியே கட்டுகின்றனர். அது நூலறையன்று, விருந்தறையுமன்று, இசை கேட்கும் அறையாம்! சுவர்களில் ஒலியுறிஞ்சும் பலகைகள். தரையில் தடித்த விரிப்பு. எதிர்ச்சுவர் அருகே ஆளுயரத்திற்கு இரண்டு ஒலிப்பெட்டிகள். அவற்றின் இடையே அடுக்கடுக்காய்ப் பளபளக்கும் பொறிகள். அவற்றிற்கு நேரெதிரே ஒரே ஓர் இருக்கை. அவ்விருக்கையில் அமர்பவர் தம்மை ‘ஆடியோபைல்’ என்று அழைத்துக் கொள்வார். தமிழில் அதற்குப் பெயருண்டா என்று அவர் எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வறைக்குள் அழைக்கப்பெறும் விருந்தினர் முதலில் கேட்பது பாட்டையன்று, விலையை! ‘இந்த ஆம்பிளிபயர் இரண்டு இலக்கம், இந்தச் சுபீக்கர் நான்கு இலக்கம், இடையே ஓடும் இந்தக் கம்பி மட்டுமே முப்பதாயிரம்’ என்று ஒவ்வொன்றாய்த் தொட்டுக் காட்டப்பெறும். பின்னர் ஓர் ஆங்கிலத் தட்டுச் சுழலும். கண்ணாடி உடையும்; தொடர்வண்டி இடப்பக்கமிருந்து வலப்பக்கம் ஓடும்; முரசொன்று நெஞ்சில் இடிக்கும். ‘ஊபர் எப்படி அடிக்கிறது, பார்த்தீர்களா? துவீட்டர் எவ்வளவு கூர்மை!’ என்பார் வீட்டுக்காரர். ‘தமிழ்ப்பாட்டு ஒன்று கேட்கலாமே’ என்று விருந்தினர் வாய்திறந்தாலோ, அவர் முகம் சுருங்கும். ‘தமிழ்ப் பதிவுகள் இந்தப் பொறிக்கு ஒத்துவாரா, தரம் போதாது’ என்பதே விடையாக வரும்.

தமிழ்நாட்டில், தமிழன் பொருளில், தமிழன் கட்டிய அறையில், தமிழ்ப்பாட்டு நுழையத் தகுதியற்றதாம்! பாட்டுக்காகப் பொறி என்ற நிலை மாறிப் பொறிக்காகப் பாட்டு என்றாகிவிட்டது. இக்கேடு ஒருவர் இருவரின் பொழுதுபோக்கு என்று தள்ளிவிடத் தக்கதன்று. செவி எம்மொழியில் பழகுகின்றதோ அம்மொழியிலேயே நெஞ்சும் பழகும். வீட்டிற்குள் ஒலிப்பது எதுவோ அதுவே அவ்வீட்டுக் குழந்தைகளின் தாலாட்டும் ஆகும்.

பழந்தமிழர் கண்ட ஒலிநுட்பம்

நல்ல கருவி வேண்டும் என்பதைத் தமிழன் என்றும் மறுத்தவனல்லன். ஒலியின் மாசு காணும் கூரிய செவி மேலைநாட்டார் விற்கும் பொருளும் அன்று.

சீவக சிந்தாமணியின் காந்தருவதத்தையார் இலம்பகத்தைப் படித்தார் அறிவர். யாழிசைப் போட்டிக்கு வந்த சீவகனிடம் ஒன்றன்பின் ஒன்றாய் யாழ்கள் நீட்டப்பெறுகின்றன. அவன் ஒவ்வொன்றையும் மறுக்கின்றான். ஒன்றன் மரம் நீரில் ஊறியது. ஒன்றன் மரம் தீப்பட்டது. ஒன்றன் மரம் இடி வீழ்ந்தது என்று குற்றம் கூறுகின்றான். நரம்பில் மயிர் உண்டெனக் கூறி, முறுக்கை அவிழ்த்து அதனை எடுத்தும் காட்டுகின்றான். பொறியின் குறை காண்பதில் இன்றைய கூர்ஞ்செவியர் எவரும் இவனுக்கு விஞ்சியவரல்லர். ஆயினும் ஒரு வேற்றுமை உண்டு. சீவகன் குற்றங் கண்டதோடு எழுந்து போய்விடவில்லை. குற்றமற்ற யாழைக் கையிலேந்தி வாசித்தான், பாடினான், வென்றான். இன்றைய அறைக்காரரோ குற்றங் காண்பதோடு நின்று விடுகின்றார். ஆய்வே அவர்க்கு இசை. விலைப்பட்டியலே அவர்க்குப் பண்!

கேட்கும் அறையின் நீள அகலங்களைப் பற்றிப் பேசுவது புதுமை என்று இவர் கருதுகின்றார். சிலப்பதிகார அரங்கேற்று காதை ஆடரங்கின் அளவை வரையறுத்துச் சொல்கின்றது. கைப்பெருவிரல் இருபத்து நான்கு கொண்டது ஒரு கோல். அக்கோலால் அகலம் 7, நீளம் 8, தரையினின்று உயரம் 1, அரங்கிற்கும் மேற்பலகைக்கும் இடைவெளி 4. இவ்வளவு திட்டமாய் அரங்கமைத்த மக்களின் வழிவந்தோர், அறையமைக்கும் கலையை அயலார் ஏட்டில் மட்டும் தேடுவது என்ன அறியாமை!

இனி, அவ்வொலிப்பெட்டியையே எடுத்துக் கொள்வோம். அதனுள் மூன்று ஒலிப்பான்கள் உள. தாழ்ந்த ஒலியை எழுப்புவது ஒன்று. இடைப்பட்ட ஒலிக்கு ஒன்று. உயர்ந்த ஒலிக்கு ஒன்று. இம்மூன்றையும் ‘ஊபர்’, ‘மிட்ரேஞ்சு’, ‘துவீட்டர்’ என்று ஆங்கிலத்திலன்றிச் சொல்லவே இயலாது என்பர். தமிழிசை நூலார் ஒலியை மூன்று மண்டிலமாகப் பகுத்தனர். தாழ்ந்தது மெலிவு, இடைப்பட்டது சமன், உயர்ந்தது வலிவு. மெலிவொலிப்பான், சமனொலிப்பான், வலிவொலிப்பான் என்று சொல்ல எந்த நாக்குச் சுளுக்கிக் கொள்ளும்? ஆங்கிலேயன் நாய் குரைக்கும் ஓசையையும் குருவி கீச்சிடும் ஓசையையும் வைத்துப் பெயரிட்டான். தமிழனிடமோ இசையிலக்கணமே பெயரை ஆக்கி வைத்திருக்கின்றது. குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழிசைக்கும் தன் சொற்களாலேயே பெயரிட்ட மொழிக்கு ஒரு மரப்பெட்டிக்குப் பெயரிட வலிமையில்லையா?

தீக்குச்சி சொல்லும் பாடம்

‘அறிவியற் சொற்கள் உலகப் பொதுவானவை, அவற்றைத் தமிழாக்குவது வீண்முயற்சி’ என்று இவர் கூறுவர். இதற்கு விடைகூற நெடுந்தொலைவு செல்ல வேண்டா. சிவகாசித் தெருவிலேயே விடை கிடக்கின்றது.

தீப்பெட்டித் தொழில் இம்மண்ணில் பிறந்ததன்று. 1920-களில் சிவகாசி இளைஞர் இருவர் கல்கத்தா சென்று அத்தொழிலைக் கற்று வந்தனர். வந்த பொருளை இம்மக்கள் எப்பெயரால் அழைத்தனர்? தீக்குச்சி என்றனர், தீப்பெட்டி என்றனர். எந்தக் கலைச்சொற் குழுவும் கூடவில்லை; எந்த அரசாணையும் பிறக்கவில்லை. வெடித்தொழில் வளர்ந்தபோது சரவெடி, ஊசிவெடி, குருவிவெடி, ஓலைவெடி, புசுவாணம் என்று பெயர்கள் தாமே முளைத்தன. வெடியுப்பு, கரித்தூள், திரி, மருந்து, சரம் எனத் தொழிற்கூடத்துச் சொற்கள் பலவும் தமிழாகவே நிற்கின்றன. பள்ளியை மழைக்காலத்தே மட்டும் எட்டிப் பார்த்த உழைப்பாளிப் பெண்கள் புதுப்பொருளுக்குத் தம் மொழியில் பெயரிட்டனர். பல்கலைக்கழகப் பட்டம் பெற்று அவர்கள் உழைப்பில் செழித்தோரோ தம் வீட்டு ஒலிப்பெட்டிக்குப் பெயரிடத் தெரியாமல் அயலான் சொல்லை இரந்து நிற்கின்றனர். இவ்விருவருள் யார் படித்தவர்? யார் படியாதவர்?

இசைத்துறையிலும் தமிழ் தோற்றதில்லை. வானொலி, ஒலிபெருக்கி, ஒலிவாங்கி, இசைத்தட்டு, ஒலிநாடா, குறுவட்டு ஆகியவையெல்லாம் ஆக்கப்பெற்ற சொற்களே. அவற்றுள் வானொலி என்பது சிற்றூர்க் கிழவியின் வாயிலும் வழங்கலாயிற்று. 2023-ஆம் ஆண்டு மே மாதம், ‘ஆகாசவாணி’ என்னும் பெயரே வழங்க வேண்டும் என்று நடுவணரசின் ஒலிபரப்புத் துறையில் ஆணை பிறந்தபோது தமிழ்நாட்டில் எதிர்ப்பெழுந்தது. ஒரு சொல் மக்கள் வாழ்வில் வேரூன்றியபின் அதைப் பிடுங்க வருவாரை எதிர்ப்பதற்கும் மக்கள் இருப்பர் என்பதற்கு அது சான்று. வேரூன்றும் முன்பே சொல்லைத் தமிழனே தன் வீட்டு வாயிலில் நிறுத்தி வைத்தால் அதற்கு யார் எதிர்ப்புக் காட்டுவது?

இரைச்சலிடையே கேட்ட இன்றமிழ்

சிலர், ‘இசைக்கு மொழியில்லை’ என்று மெய்யறிஞர் போல் பேசுவர். 1941-இல் அண்ணாமலைநகரில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943-இல் சென்னையில் தமிழிசைச் சங்கம் தோன்றியபோதும் இதே உரையைத்தான் எதிர்த்தோர் கூறினர். இசைக்கு மொழியில்லையாயின், தமிழ் மட்டும் ஏன் விலக்கப்பெற்றது? மொழியில்லை என்பார் மேடையில் தெலுங்கும் வடமொழியும் மட்டும் ஏன் வீற்றிருந்தன? இன்று அதே உரை ஆங்கிலத்திற்குக் குடை பிடிக்கின்றது. ஆள்தான் மாறியிருக்கின்றான், குடை மாறவில்லை.

நல்ல கேள்விக்கு விலைமிக்க பொறி இன்றியமையாதது என்ற எண்ணமும் பொய். இதைத் தென்மாவட்ட மக்கள் தம் வாழ்க்கையாலேயே மெய்ப்பித்துள்ளனர். 1950-களிலிருந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் விருதுநகர், இராமநாதபுரம், நெல்லைப் பகுதிகளின் வீடுகளில் மாலைப்பொழுதென்றால் இலங்கை வானொலிதான். சிறு பெட்டி, கையகல ஒலிப்பான், கடல் கடந்து வரும் அலையில் ஓயாத இரைச்சல். அவ்விரைச்சலின் ஊடே மயில்வாகனன், கே.எசு. இராசா, அப்துல் அமீது முதலியோரின் தமிழ் ஒலித்தது. லகர ளகர ழகரங்கள் மயங்காத தமிழ் அது. பாட்டைக் கேட்கக் கூடியவர்கள் பலுக்கலையும் கற்றுக் கொண்டனர். தெருவில் ஒரு வீட்டில் பெட்டியிருந்தால் திண்ணை முழுதும் ஆளிருப்பர். ஒரே பெட்டி, ஐம்பது செவி.

இன்றோ ஓர் இருக்கை, இரண்டே செவி! கதவும் அடைக்கப்பெற்றுள்ளது. இரைச்சல் நீங்கிற்று, உடன் தமிழும் நீங்கிற்று, உடனிருந்து கேட்ட அண்டை வீட்டாரும் நீங்கினர். இதனையா வளர்ச்சி என்பது?

அவ்விரு செவிகளின் நிலை யாது? மாந்தச் செவி கேட்கவல்லது நொடிக்கு 20 முதல் 20,000 வரையிலான அதிர்வுகளே. அதுவும் இளமையில்தான். ஐம்பது அகவை கடந்தோர்க்கு 15,000-க்கு மேற்பட்டவை பெரும்பாலும் கேட்பதில்லை. குறுவட்டு நொடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து பதிப்பதால் செவிக்கு எட்டும் அளவு முழுமையும் அதில் அடங்கிவிடுகின்றது. ஆயினும், 40,000 அதிர்வு காட்டும் பொறி என்று சொல்லி விற்றால் அறுபது அகவைச் செல்வர் பையை அவிழ்க்கின்றார். வௌவாலுக்குக் கேட்கும் ஒலிக்கு மாந்தன் விலை கொடுக்கின்றான்!

அரக்குத் தட்டில் அழியும் குரல்

‘தமிழ்ப் பதிவுகள் தரமற்றவை’ என்னும் குற்றச்சாட்டில் ஓரளவு உண்மையும் உண்டு. அதனை மறைக்க வேண்டுவதில்லை. ஆனால், அவ்வுண்மை யாரைக் குத்துகின்றது என்பதை அவர்கள் எண்ணிப் பார்த்தனரா?

பழைய இசைத்தட்டு அரக்கினால் ஆனது. அரக்கோ இந்நாட்டுக் காட்டுமரங்களில் சிறுபூச்சிகள் சுரந்தது. 1908-இலேயே கல்கத்தாவில் தட்டு அச்சிடும் ஆலை எழுந்தது. மணித்துளிக்கு 78 சுற்றுச் சுழன்ற அத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று மணித்துளியே அடங்கும். அச்சிறு வெளிக்குள் தம் ஆற்றலனைத்தையும் கொட்டிச் சென்றனர் தமிழ்ப் பாடகர். செங்கோட்டை கிட்டப்பா 1933-இல் இருபத்தெட்டு அகவை நிரம்புமுன்பே மறைந்தார். அவர் எந்தத் திரைப்படத்திலும் நடித்தவரல்லர். ஆகலின் அவர் குரலைப் பின்வந்தோர்க்குக் காத்துத் தந்தவை அவ்வரக்குத் தட்டுகளே. இராசபாளையத்தைக் கடந்தால் தொலைவில்லாத செங்கோட்டையின் குரல் அது!

அத்தகைய தட்டுகள் இன்று எங்கே உள? பரணில் பூசணம் பிடித்துக் கிடக்கின்றன. வீடு இடிக்கும்போது பழைய இரும்போடு எடைக்குப் போடப்பெறுகின்றன. அரக்கு எளிதில் உடையும்; உடைந்த குரல் மீளாது. அவற்றைப் பழுதின்றி மறுபதிவு செய்ய வேண்டுமாயின் தட்டின் வரிக்கேற்ற அகன்ற முனையுள்ள ஊசி வேண்டும். சுற்று விரைவைச் சரியாய் நிறுத்தும் சுழலி வேண்டும். விரைவு பிறழ்ந்தால் குரலின் கட்டை பிறழும் என்றறியும் செவி வேண்டும். இவை யாவும் யாரிடம் உள? அந்தத் தனியறைக்காரரிடமே உள! தமிழ்க் குரல்களைக் காக்கவல்ல கருவி தம் கையிலிருக்க, அதைக்கொண்டு கண்ணாடி உடையும் ஓசையைக் கேட்டு மகிழ்பவர், ‘தமிழ்ப் பதிவு தரமில்லை’ என்று கூறலாமா? கிணற்றுக் கயிற்றைத் தன் வீட்டில் பூட்டி வைத்துக்கொண்டு ஊரார் நீர் கலங்கல் என்று பழிப்பதோடு ஒக்கும் அது.

இவ்வட்டாரத்திற்குப் பாட்டுப் பஞ்சமும் இல்லை. திருச்சுழியலைச் சுந்தரர் நட்டபாடைப் பண்ணில் பாடினார். அவ்வூர் இன்றைய விருதுநகர் மாவட்டத்துத் திருச்சுழியே. திருவில்லிபுத்தூரில் பெரியாழ்வாரும் ஆண்டாளும் பாடினர். திருப்பாவை 30-உம் நாச்சியார் திருமொழி 143-உம் அம்மண்ணின் விளைவு. சிவகாசியை ஒட்டிய திருத்தங்கல், கழகக் காலத்தில் தங்கால் எனப் பெயர் பெற்றிருந்தது. தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார் என்னும் புலவர் அவ்வூரினர். பொன்வேலை செய்த கை பாட்டும் எழுதிற்று! பண்ணறிந்த ஓதுவார் ஒருவரை அழைத்து, திருச்சுழியல் பதிகத்தை நட்டபாடையில் பாடச் செய்து, உயர்ந்த முறையில் பதிவு செய்ய எவ்வளவு பொருள் வேண்டும்? அந்த முப்பதாயிரக் கம்பியின் விலை ஒரு நல்ல தொடக்கத்திற்குப் போதும். ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் கருணாமிர்த சாகரத்தையும், விபுலானந்த அடிகள் 1947-இல் யாழ்நூலையும் வெளியிட்டுத் தமிழிசையின் அடித்தளத்தைத் தோண்டிக் காட்டினர். அவர்களிடம் இன்றைய பொறிகள் இல்லை. செவியும் உழைப்பும் இருந்தன.

உழைப்பாளியின் செவி

இன்னுமொன்று. இவ்வட்டாரம் ஒலியையே விற்றுப் பிழைக்கும் வட்டாரம். வெடி, வெடிக்குமிடத்தினின்று 4 மீட்டர் தொலைவில் 125 தெசிபெல்லுக்கு மேல் ஒலிக்கக்கூடாது என்பது 1999-இல் வகுக்கப்பெற்ற விதி. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 என்பது 2000-ஆம் ஆண்டு விதி. உட்செவியில் ஒலியை உணரும் நுண்மயிரணுக்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. எனவே, கோயில் விழாவிலும் திருமண வீட்டிலும் கூம்பொலிபெருக்கியைக் குழந்தைகளின் தலைமேல் கட்டி அலறவிடுவது இசைத்தொண்டன்று; செவிக்கொலை.

வெடித்தொழிற்கூடத்தில் மருந்து நிறைக்கும் அறைக்குள் செல்பேசி கொண்டு செல்லத் தடையுண்டு. உயிர்காக்கும் நல்ல விதி அது. நாற்று நடுவாள் பாடிக்கொண்டே நடுவாள். தறி நெய்வார் பாட்டுக் கேட்டுக்கொண்டே நெய்வர். மருந்தறையில் அமர்ந்திருப்போர்க்கு அத்தகைய துணை இல்லை. அவர்க்கு இசையென்பது மாலையில் வீடு திரும்பியபின் கேட்பதொன்றே. இடருக்கு நடுவே நாளைக் கழித்துவந்த அம்மக்கள் கேட்பதற்கு இந்நாடு தருவதென்ன? பொருளற்ற ஆங்கிலச் சொற்களை அடுக்கிய இரைச்சல் பாட்டுகளைத்தான்! அவர்கள் உழைப்பால் எழுந்த மாளிகையின் மேன்மாடத்திலோ இசை அடைபட்டுக் கிடக்கின்றது.

செய்ய வேண்டுவன

பொறி வைத்திருக்கும் தமிழர் அதனை உடைத்தெறிய வேண்டுவதில்லை, தமிழ்ப்படுத்த வேண்டும்.

ஒன்று: அறையை முதலில் கேள்வியறை என்று பெயரிட்டு அழைக்க வேண்டும். கேள்வி என்பதற்கு ஓர் அதிகாரமே வகுத்த திருவள்ளுவர் பிறந்த மொழி இது. பொறியின் உறுப்புகளையும் தமிழாலேயே சுட்ட வேண்டும்.

இரண்டு: புதுப்பொறியை ஆய்ந்து பார்க்க முதலில் ஒலிக்கப்பெறுவது தமிழ்க் குரலாய் இருத்தல் வேண்டும். தமிழைத் தெளிவாய் ஒலிக்காத பொறி, வேறெதை ஒலித்தாலும் தமிழன் வீட்டுக்கு ஆகாதது என்று தள்ளப்பெற வேண்டும்.

மூன்று: பரணிலும் பழம்பொருட் கடையிலும் கிடக்கும் அரக்குத் தட்டுகளைத் தேடித் தொகுத்து, மறுபதிவு செய்து, பலரும் கேட்கத் தர வேண்டும்.

நான்கு: ஓதுவார், நாட்டுப்புறப் பாடகர், குழல் பறை வல்லுநர் ஆகியோரைப் பொருள் கொடுத்துப் பாடவும் இசைக்கவும் செய்து, நல்ல பதிவுகளை உருவாக்க வேண்டும். தரமில்லை என்பார்தாம் தரத்தை ஆக்கவும் கடமைப்பட்டவர்.

ஐந்து: கிழமைக்கொரு மாலை அறைக்கதவைத் திறந்து தெருக்குழந்தைகளை அமர்த்த வேண்டும். ஓர் இருக்கை போய்ப் பாய் விரிக்கப்பெற வேண்டும்.

இவற்றுள் எதுவும் இயலாததன்று. பெயரில் என்ன இருக்கின்றது என்று கேட்பார்க்கு விருதுநகர் ஒரு விடையைக் குருதியால் எழுதி வைத்திருக்கின்றது. இம்மாநிலத்திற்குத் தமிழ்நாடு என்று பெயர் வேண்டும் என்பது உள்ளிட்ட 12 கோரிக்கைகளை முன்வைத்து, அவ்வூர்ச் சங்கரலிங்கனார் 76 நாள் உண்ணாநோன்பிருந்து, 1956-ஆம் ஆண்டு அக்குத்தோபர் 13-இல் உயிர் நீத்தார். பன்னிரண்டாண்டு கழிந்து, 1969 சனவரியில், அப்பெயர் நடைமுறைக்கு வந்தது. ஒரு பெயருக்காக உயிர்விட்ட ஒரு முதியவரின் ஊரில், ஓர் ஒலிப்பெட்டியைத் தமிழால் அழைக்க நாணுவது அவர் ஈகத்தை இழிவு செய்வதாகும்.

பொறிகள் பழுதாகும், புதியவை வரும், விலைகள் ஏறும், இறங்கும். கேட்கும் செவியும் கேட்கப்பெறும் மொழியும் நிலைப்பவை. செவியைக் காத்து, அதில் தமிழை நிறைத்தால் கையகலப் பெட்டியும் பேரியாழாகும். தமிழைத் துரத்திவிட்டுக் கதவடைத்தால் பல இலக்கம் கொட்டிய அறையும் பாழறையே!